பச்சை ஆப்பு

தெருவில் அவளுக்கு ஆப்புக்காரி என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "யாருக்குடி இன்னைக்கு ஆப்பு?" என்று குழாயடியில் யாராவது கேட்டால், "வரிசையில நில்லு, உனக்கும் உண்டு" என்பாள். வாய் அப்படி. கை அதைவிடக் கெட்டி.

அவள் புருஷன் சக்கரக்காரர். மாட்டுவண்டிக்குச் சக்கரம் செய்கிறவர். சக்கரம் என்றால் எல்லோரும் வட்டத்தைத்தான் பார்ப்பார்கள். விஷயம் இருப்பது நடுவில், குடத்தில். அந்த மரக்குடத்தின் துளைக்குள் ஒரு இரும்புக் குழாயை இறுக்கிச் செருக வேண்டும். அதற்குப் புஷ் என்று பெயர். அச்சின் முனை நுழைவது அந்தப் புஷ்ஷுக்குள்தான். புஷ்ஷும் குடமும் ஒன்றாகச் சுற்ற வேண்டும். குடம் ஒரு பக்கம், புஷ் ஒரு பக்கம் என்று தனித்தனியாகச் சுற்ற ஆரம்பித்தால் அந்தக் குடும்பம் விளங்கின மாதிரிதான். இரும்பு மரத்தைத் தின்னும், துளை பெரிதாகும், ஒரு நாள் சக்கரம் தன் பாட்டுக்குக் கழன்று ஓடும்.

அதற்குத்தான் ஆப்பு. புஷ்ஷைச் சுற்றி, குடத்தின் முகத்தில், மெல்லிய ஆப்புகளை வளையமாக அடிப்பார்கள். புஷ்ஷை நடுமையத்துக்குக் கொண்டுவருவதும் அதுதான், பிடித்து நிறுத்துவதும் அதுதான். ஆப்புச் சீவுவது, காயவைப்பது, அடிப்பது எல்லாமே அவள் வேலை. வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்துச் சீவிக் கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே தொங்கவிடுவாள். புகையிலும் சூட்டிலும் அவை மாதக்கணக்கில் கிடந்து கறுத்து எலும்பு மாதிரி ஆகும். ஒவ்வொரு கட்டுக்கும் அவள் போடும் முடிச்சு ஒன்று உண்டு. சக்கரக்காரருக்கு அது பிடிபட்டதே இல்லை. அவசரத்துக்குக் கட்டு வேண்டுமென்றால் கயிற்றை அறுத்துத்தான் எடுப்பார், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

பச்சை ஆப்பை அடிக்கக் கூடாது. இது அந்தத் தொழிலில் மூக்கொழுகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பச்சை ஆப்பு அடிக்கும்போது ரொம்ப சமர்த்து. நெளிந்து வளைந்து உள்ளே போய், காய்ந்ததைவிட நன்றாக இறுகி உட்காரும். தட்டிப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. அப்புறம் ஒரு நல்ல வெயில், ஒரு நல்ல பாரம். அவ்வளவுதான், சுருங்கிப்போய்த் தானாக வெளியே வந்துவிடும்.

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன். வண்டிக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் வாயைத் திறந்தால் ஊருக்கே கேட்கும். போன மாதம் பட்டறை வாசலில், தெருவே கூடி நின்ற நேரத்தில், சக்கரக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டார்: "மாப்பிள்ளை, உங்க சக்கரம் ஓடுறது எங்க தங்கச்சி ஆப்புல. அவ மட்டும் இல்லேன்னா உங்க சக்கரம் குடிகாரன் மாதிரிதான் நடந்து வரும்!" தெரு கொல்லென்று சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும், உண்மைதானே. உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்று சும்மாவா சொன்னார்கள்.

சக்கரக்காரரும் சிரித்தார். ஆப்புக்காரிக்குப் பயம் வந்தது அங்கேதான். அவர் கோபக்காரர். உளி மழுங்கினால் உளியைத் திட்டுவார், குழம்பு காரமாக இருந்தால் மிளகாயைத் திட்டுவார். அப்படிப்பட்டவர் அன்றைக்குப் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, சிந்தின சிராய்களைப் பெருக்க ஆரம்பித்தார். அதன்பின் வீட்டில் சத்தமே இல்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "கை வலிக்குதா, வை, நான் பார்த்துக்கறேன்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்காத கேள்விகள். கத்துகிறவனை நம்பலாம். கோபத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறவனிடம் சற்றுத் தள்ளித்தான் நிற்க வேண்டும். அவள் தள்ளி எங்கே போய் நிற்பது? ஒரே வீடு, ஒரே அடுப்பு.

இந்த நேரத்தில்தான் அண்ணன் வண்டியின் இடது சக்கரத்தில் புஷ் இளகியது. ஊரில் வேறு சக்கரக்காரர் இல்லை. முறைத்துக்கொண்டாலும் மாப்பிள்ளையிடம்தான் வந்தாக வேண்டும். வண்டியைக் கொண்டுவந்து விட்டு, சந்தைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடுகளோடு போய்விட்டார்.

"ஏய், உங்க அண்ணி பிள்ளை பெத்தவ, தனியா கிடந்து அல்லாடுவா. ரெண்டு நாள் போய் ஒத்தாசையா இருந்துட்டு வா" என்றார் சக்கரக்காரர்.

"சக்கரம்?"

"நான் அடிச்சுக்கறேன். உன் ஆப்பு இல்லாம எனக்கு ஓடாதா என்ன?" என்று மறுபடியும் சிரித்தார்.

அவள் போனாள். அண்ணி வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டினாள், துணி துவைத்தாள். பிள்ளை அண்ணனை உரித்து வைத்திருந்தது, அழுகை உட்பட. கிளம்பும் நாள் சாயங்காலம் அண்ணன் சொன்னார், "நாளைக்குச் சந்தைக்குப் போகலைம்மா. மேஸ்திரி ஆள் அனுப்பியிருக்காரு, மலையில கல்லு ஏத்தணும். காலையில வந்து வண்டியை எடுத்துக்கறேன்." அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

பட்டறையில் சக்கரம் மாட்டி வண்டி தயாராக நின்றது. குடத்தின் முகத்தில் தார் பூசியிருந்தார். கன்னங்கரேலென்று ஆப்பு ஒன்றும் தெரியாமல் மினுங்கியது. இத்தனை வருஷத்தில் அவர் குடத்தின் முகத்துக்குத் தார் பூசியதே கிடையாது.

"இது என்னங்க புதுசா?"

"பார்க்க அழகா இருக்கட்டுமேன்னுதான்."

அழகு! தன் கல்யாணத்துக்கே தலை சீவாமல் வந்த மனுஷன்.

காலையில் அண்ணன் மாடுகளைப் பூட்டினார். "வர்றேன் மாப்பிள்ளை" என்று ஒரே ஒரு வார்த்தை. "பார்த்துப் போங்க மச்சான்" என்று சக்கரக்காரர் தெருமுனை வரை வழியனுப்பினார். வண்டி சத்தமில்லாமல், ஒரு ஆட்டம் இல்லாமல் போயிற்று.

அவள் அடுப்பைப் பற்ற வைக்கக் குனிந்தாள், நிமிர்ந்தாள். மேலே கடைசிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வேறு கட்டு இல்லை, அந்த ஒன்றுதான் மீதி இருந்தது. அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. யாரும் அறுக்கவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை.

அப்படியென்றால் சக்கரத்துக்கு எதை அடித்தார்?

பட்டறைக்குப் போனாள். ஆப்பு அடித்து முடித்ததும் துருத்திக்கொண்டிருக்கும் தலைகளைச் செதுக்கித் தள்ளுவார்கள். அந்தத் துண்டுகள் எப்போதும் வேலைமேசைக்குக் கீழேதான் விழும். தரையைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தார். ஆனால் மேசைக் காலுக்குப் பின்னால் துடைப்பம் எட்டாது, அது பெருக்கிப் பழகியவளுக்குத்தான் தெரியும். கையை விட்டுத் துழாவினாள். ஒரே ஒரு துண்டு கிடைத்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. மோந்து பார்த்தாள், பச்சை வாடை. நகத்தால் அழுத்தினாள். நகம் பதிந்தது.

அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

சக்கரக்காரர் வாசலில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எங்க அண்ணன் சக்கரத்துக்கு எந்த ஆப்பை அடிச்சீங்க?"

"ஆப்பைத்தான் அடிச்சேன். வேற எதை அடிப்பாங்க?"

அவள் கையை நீட்டி அந்தத் துண்டைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார். உளியைக் கட்டைவிரலில் வைத்துக் கூர் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்து, மிக மெதுவாக, அடுத்த வீட்டுக்காரனிடம் பேசுகிற மாதிரி சொன்னார்:

"இன்னைக்கு வெயில் நல்லா அடிக்கும்போல."

"அடப்பாவி மனுஷா, அவர் மலைக்குப் போயிருக்காரு! கல்லு ஏத்த!"

உளி நின்றது. "சந்தைக்குன்னுதானே..."

"மேஸ்திரி கூப்பிட்டாரு. மலையிலேருந்து பாரத்தோட இறங்கணும். தெரியுமில்ல அந்தப் பாதை?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. உதட்டை அசைத்தார். "சந்தை நடுவுல... நாலு பேர் பார்க்கச் சாயட்டும்னுதான்... வெறும் வண்டிதானே... சத்தியமா..."

அதை நம்புவதா வேண்டாமா என்று யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

செங்கல் சூளை வழியாகக் குறுக்கே போனால் மலைப்பாதையின் அடிவாரம் வரும். அங்கே ஒரு ஓடை, அதைத் தாண்டினால் ஏற்றம். பாதை அகலம் ஒரு வண்டிக்குத்தான். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம், வெட்டியெடுத்துவிட்ட பழைய கல்லுக்குழி. இறங்கும்போது இடது பக்கம். இறங்குகிற வண்டிக்கு இடது சக்கரம் குழியின் ஓரத்தில்தான் உருளும். குழிக்குள் பச்சைத் தண்ணீர் தேங்கியிருக்கும், அதில் ஒரு சக்கரம் பாதி மூழ்கிக் கிடக்கும். யாருடையது, எப்போது விழுந்தது, யாரும் சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்து அவள் அந்தப் பக்கம் பார்க்காமலேதான் ஏறுவாள். இன்றைக்குப் பார்த்தாள். வெயிலில் தண்ணீர் வற்றி, சக்கரம் முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. அதன் குடத்தில் புஷ் இல்லை. வெறும் ஓட்டை.

"கடவுளே, அவர் இறங்கிடக் கூடாது, இறங்கிடக் கூடாது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினாள். ஒவ்வொரு வளைவிலும் நின்று காது கொடுத்தாள். மேலே கல் உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

உச்சியில் அண்ணன் பாரம் ஏற்றி முடித்துக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும், "என்னம்மா? பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லை. வண்டியை எடுக்காதீங்க. பாரத்தை இறக்குங்க."

"ஏன்?"

"புஷ் இளகியிருக்கு."

அண்ணன் சுத்தியலை எடுத்துக் குடத்தைத் தட்டினார். ணங்கென்று கெட்டியாகக் கேட்டது. இன்னொரு தட்டு, அதே சத்தம். "கேட்டியா? கல்லு மாதிரி நிக்குது. உன் புருஷன் வாய் கோணலா இருந்தாலும் வேலை கோணல் இல்லை."

"வழியில சக்கரத்தை நனைச்சீங்களா?"

"வெயில் நாள்ல நனைக்காம இருப்பேனா? ஓடையில நிறுத்தி நல்லா ஊறவிட்டுத்தான் ஏத்தினேன்."

"அந்தத் தண்ணிதான்ணே கெட்டியாத் தட்டுது. உப்பியிருக்கு. பாதி வழி இறங்குறதுக்குள்ள காய்ஞ்சிடும்." அவள் குனிந்து தாரைக் காட்டினாள். புஷ்ஷின் விளிம்பைச் சுற்றி முடி போல ஒரு கோடு ஓடியிருந்தது.

"தார் வெடிச்சிருக்கு, அதுக்கா இவ்ளோ தூரம் ஓடிவந்தே? மேஸ்திரி கத்துவாரும்மா, வழியை விடு" என்று மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார்.

இனிமேல் ஒன்றுதான் மிச்சம். அதைச் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் அண்ணன் போவார். மாடுகள் ஒரு அடி எடுத்து வைத்தன. அவள் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"உள்ளே இருக்கறது பச்சை ஆப்பு. அவர் தெரிஞ்சேதான் அடிச்சிருக்காரு. போதுமா?"

அண்ணன் கயிற்றை விட்டார். கடப்பாரை நுனியால் தாரைச் சுரண்டினார், அதற்குள் வெயில் பட்டுக் காய்ந்திருந்த பக்கத்தில் குறடால் ஒரு ஆப்பைப் பிடித்தார். ஆடுகிற பால்பல் மாதிரி, இழுக்காமலே கையோடு வந்தது. வெள்ளையாக இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கீழே இருக்கிற குழியைப் பார்த்தார். வாய் ஓயாத மனுஷனிடமிருந்து ஒரு வசவு வரவில்லை, ஒரு சத்தம் வரவில்லை. இந்த அமைதியைத்தானே ஒரு மாதமாக வீட்டில் பார்த்தாள்.

அப்போது சக்கரக்காரர் வந்து சேர்ந்தார். பேயறைந்த மாதிரி முகம், வேர்த்து ஊற்றிய சட்டை. தோளில் ஆப்பு அடிக்கிற கொட்டாப்புளி, உளிப்பை. கையில் அந்தக் கடைசி ஆப்புக்கட்டு. வழியெல்லாம் அவிழ்த்துப் பார்த்திருக்கிறார் போல, கயிறு நைந்திருந்தது, முடிச்சு மட்டும் அவிழவில்லை. அறுக்க அவருக்குத் தோன்றவில்லை. அதை அவளிடம் நீட்டினார்.

"மச்சான்..." என்று ஆரம்பித்தார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன். குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது. "ரொம்ப தூரம் ஓடி வந்திருக்கீங்க. உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

சக்கரக்காரர் உட்காரவும் இல்லை, நிற்கவும் முடியவில்லை.

கல்லுடைக்கிறவர்கள் வந்து பாதிப் பாரத்தை இறக்கினார்கள், அச்சுக்குக் கீழே கல்லை முட்டுக் கொடுத்தார்கள், கடையாணியை உருவிச் சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்க வைத்தார்கள். ஆப்புக்காரி முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். பச்சை ஆப்புகளைப் பிடுங்கி முழங்காலுக்குப் பக்கத்தில் குவித்தாள். புஷ்ஷை நடுவில் நிறுத்தி, எதிரெதிராக ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று காய்ந்த ஆப்புகளை வைத்துத் தட்டிக்கொண்டே வந்தாள். சக்கரக்காரர் கிட்டே வந்து, "நான் அடிக்கட்டுமா?" என்றார். அவள் கொட்டாப்புளியைக் கொடுக்கவில்லை. சுற்றி ஆட்கள் நின்றதில் அவருக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

சக்கரத்தை மாட்டினார்கள். விளிம்புக்கு நேரே ஒரு குச்சியை நட்டுச் சுற்றிவிட்டாள். எந்த இடத்திலும் குச்சியைத் தொடாமல் நேராகச் சுற்றியது. சக்கரத்தை நிறுத்தி, ஆப்புத் தலைகளைச் செதுக்கித் தள்ளினாள். கறுப்பும் வெள்ளையுமாகத் துண்டுகள் மண்ணில் கலந்து கிடந்தன. அப்புறம் வண்டிக்கடியில் தொங்கிய மைக்குழாயிலிருந்து அச்சுக்குத் தடவும் வண்டி மையை ஒரு கை அள்ளி, குடத்தின் முகம் முழுக்கப் பூசினாள். ஆப்பு ஒன்றும் தெரியாமல் மறைந்தது. கன்னங்கரேலென்று மினுங்கியது.

அவள் அடித்தது காய்ந்த ஆப்பைத்தான். அது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் குந்தி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்த அண்ணனுக்கும் தெரியும்.

பாரத்தை மறுபடி முழுசாக ஏற்றினார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"மாப்பிள்ளை, ஏறுங்க" என்றார் அண்ணன், அதே வெண்ணெய்க் குரலில். "நீங்க செஞ்ச சக்கரம். நீங்களே ஓட்டிக்கிட்டு இறங்குங்க. நாங்க பின்னால நடந்து வர்றோம்."

"மச்சான், எனக்கு வண்டி ஓட்டிப் பழக்கம்..."

"மாடு பழகினதுதான். அதுபாட்டுக்கு இறங்கும். தடைக்கட்டைக் கயித்தை மட்டும் பிடிச்சுக்கங்க. மத்ததைச் சக்கரம் பார்த்துக்கும்."

கல்லுடைக்கிறவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க முடியாது. மறுத்தால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம். சக்கரக்காரர் ஏறி உட்கார்ந்தார். இடது பக்கம் குழி தெரிந்தது, குழிக்குள் அந்தச் சக்கரம் தெரிந்தது. கயிற்றைப் பிடித்த கை வெளுத்துப்போயிருந்தது. குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் பெண்டாட்டியைக் கேட்டார்.

"ஏய்... காய்ஞ்சதுதானே அடிச்சே? சொல்லு. காய்ஞ்சதுதானே?"

பாவம் என்றுதான் ஒரு கணம் தோன்றியது அவளுக்கு. அந்த முகத்தோடு எத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறாள். சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான். ஆனால் அண்ணி மடியில் கிடந்த பிள்ளையின் நினைப்பு வந்தது, தெருமுனை வரை போய்ப் "பார்த்துப் போங்க மச்சான்" என்று வழியனுப்பிய குரல் வந்தது. கையில் ஒட்டியிருந்த மையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வெயில் நல்லா அடிக்கும்போல" என்றாள்.

அண்ணன் மாட்டின் முதுகில் தட்டினார். வண்டி நகர்ந்து இறக்கத்தில் திரும்பியது. சக்கரக்காரர் பாதையைப் பார்க்கவில்லை. இடது பக்கமாகவே சாய்ந்து, குடத்துக்குக் காது கொடுத்தபடி, ஒவ்வொரு சுற்றுக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினார். அண்ணனும் தங்கையும் பின்னால் நடந்தார்கள், அடிவாரம் வரை ஒருவரும் "காய்ஞ்சதுதான்" என்று சொல்லவில்லை.